எட்டு வெடிச் சத்தமும் ஒரு மருத்துவச் சான்றும்

அனுப்புநர்:
நா. சௌந்திரம்,
க/பெ. நாச்சிமுத்து (கிணற்று வெடி மேஸ்திரி),
கரட்டுப்புதூர், திருச்செங்கோடு வட்டம்,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம்.

பொருள்: அபின் பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருக்கும் என் கணவருக்கு நிறுத்தப்பட்ட மருந்தைத் திரும்பக் கொடுக்கவும், அவருடைய வெடி அனுமதியை ரத்து செய்யவும் வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் என்னை "ஏழை, அபலை" என்று தொடங்கினார். வேண்டாமென்று காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது, நான் அபலையும் இல்லை. நடந்ததை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

2. என் கணவர் பதினேழு வருடமாகக் கிணறு ஆழப்படுத்தும் வெடி வேலை செய்கிறவர். 1979இல் கல் சரிந்து இடுப்பில் அடிபட்டது. வலிக்கு வைத்தியர் ஒருவர் வெல்லத்தில் வைத்து அபின் உருண்டை கொடுத்தார். வலி மூன்று மாதத்தில் போய்விட்டது, அபின் மூன்று வருடம் போகவில்லை. இந்த ஜனவரியில் நானும் என் தம்பி குமாரசாமியும் அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பத்தொன்பது நாள் உள்ளே வைத்திருந்து, பிறகு சொட்டு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் பகல் பதினோரு மணிக்குக் கொடுக்க வேண்டும், வாராவாரம் சொட்டைக் குறைக்க வேண்டும், மணி மட்டும் தவறக் கூடாது என்று டாக்டர் என்னிடம் மூன்று முறை சொன்னார். நானும் தவறவில்லை. அவர் அன்றிலிருந்து அபினைத் தொடவில்லை. இதை எந்தக் கோவிலிலும் சூடம் அடித்துச் சொல்வேன்.

3. மார்ச் கடைசியில் வெடி அனுமதியைப் புதுப்பிக்க, புத்தி தெளிவாக இருக்கிறது என்று மருத்துவச் சான்று கேட்டார்கள். டாக்டர் அவரை உட்கார வைத்து, பெயர், ஊர், இன்றைய கிழமை கேட்டார். இருபதிலிருந்து ஒன்று வரை தலைகீழாகச் சொல்லச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. நான் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டேன். ஐந்து நிமிடத்தில் கையெழுத்தாகிவிட்டது. டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எங்களை மனிதராக நடத்தியவர் அவர். ஆனால் அந்த அறையில் ஒரு கேள்வி முடிந்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. கிணற்று மேட்டில் அப்படி வராது.

4. வீட்டில் எனக்குச் சில அடையாளங்கள் தெரிந்தே இருந்தன. மோட்டார் போட்டுவிட்டு நிற்பார். யாராவது கூப்பிட்டுப் பேசினால் போதும், மோட்டாரை மறந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் பாயும். குழம்புக்கு உப்புப் போடும்போது பேச்சுக் கொடுத்தால் இரண்டாம் முறையும் போடுவார். பழைய சங்கதி எதுவும் மறக்கவில்லை, எங்கள் கல்யாணத்துக்கு வந்த வண்டிகளைக்கூட வரிசையாகச் சொல்வார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைக் கேட்கத்தான் முடியவில்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் சொன்னேன். "மருந்து உட்டாச் செரியாப் போயிருமுங்க" என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

5. எங்கள் தொழிலின் வழக்கத்தைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாறையில் குழி போட்டு வெடிமருந்து கெட்டித்து, திரிகளைச் சின்னதும் பெரியதுமாக வெட்டி வைப்பார்கள். வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். மற்றவர்கள் தள்ளி ஒதுங்கிவிட, மேட்டில் ஒருவர் மட்டும் நின்று காதால் எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் மறுநாள் வரை யாரும் இறங்கக் கூடாது. அவர் எண்ணும்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது, வேறு யாரும் எண்ணவும் கூடாது. இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும், நடுவில் ஓர் உயிர் போகும் என்பார்கள். பதினேழு வருடமும் எங்கள் பக்கத்தில் எண்ணியவர் என் கணவர். மற்ற மேஸ்திரிகள் ஒரு வெடிக்கு ஒரு கல் என்று மடியில் போட்டுக்கொள்வார்கள். இவர் கல்லைத் தொட்டதே இல்லை.

6. ஏப்ரல் 11ஆம் தேதி திங்கட்கிழமை, பெரியசாமி என்பவருடைய கிணற்றில் ஒன்பது வெடி. எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர் என் கணவரிடம் ஏதோ கேட்டார். அவரும் பதில் சொன்னார். வெடித்தது எட்டு. அவர், "ஒம்போதும் ஆச்சு. எறங்கு மாப்பள" என்றார். என் தம்பி குமாரசாமி இறங்கிக் கல்லைப் புரட்டக் கடப்பாரையைப் போட்டபோது ஒன்பதாவது வெடித்தது. அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. வயது இருபத்தாறு.

7. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு எட்டுத்தான் அக்கா கேட்டுது. மச்சான் ஒம்போதுன்னாரு. அவரு சொன்னதுக்கப்பறம் நான் எண்றதுக்கு என்ன இருக்குது?" ஐயா, காது சரியாக இருந்தவன் வழக்கத்தை மதித்து இறங்கியிருக்கிறான்.

8. காவல் துறையினர், என் கணவர் அபின் போதையில் இருந்தார் என்று வழக்கு எழுதியிருக்கிறார்கள். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள். பேசியது யார் என்று கேட்டதற்கு அவர் "நெனப்பில்லீங்க" என்றதையே போதைக்குச் சாட்சியாகவும் எழுதிக்கொண்டார்கள். இந்த வழக்கைக் காரணம் காட்டி, 21ஆம் தேதி முதல் மருத்துவமனையில் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஜாமீனில் வந்தவர் இன்றோடு ஐந்து நாளாகக் கால் குடைச்சலில் புரள்கிறார், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டுகிறது, குடித்த கஞ்சி தங்கவில்லை. பழைய அபின்காரன் நேற்று இரண்டு தடவை எங்கள் தெருவில் நடந்து போனான். நான் அரிவாளோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். இன்று பக்கத்து வீட்டுக்காரியை அங்கே உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை நாள் உட்கார முடியும் என்று தெரியவில்லை.

9. மருந்து நிற்பதற்கு முன் நானே ஒரு சோதனை செய்தேன். அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, செம்புக்குள் ஒன்பது புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டேன். சும்மா போட்டால் பத்துக்குப் பத்து தடவையும் ஒன்பது என்றார். நடுவில் "குளிச்சீங்களா" என்று ஒரு கேள்வி கேட்டால், பத்தில் இரண்டு தடவைதான் சரியாக வந்தது. மற்ற தடவைகளில் ஏழு என்றார், பதினொன்று என்றார். ஒவ்வொரு தடவையும் சந்தேகமே இல்லாமல் சொன்னார். அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. இது போதையில்லை. பழக்கத்தை விட்டு மீண்டுகொண்டிருக்கிற மூளை இன்னும் கூடி வரவில்லை. படித்தவர்களுக்கு இதற்கு ஒரு பெயர் இருக்கும். எனக்குத் தெரிந்தது செம்பும் புளியங்கொட்டையும்தான்.

10. ஆகவே தங்களை வேண்டுவது: அவருக்கு மருந்தை இன்றே திரும்பக் கொடுக்க உத்தரவிட வேண்டும். அவருடைய வெடி அனுமதியை ரத்து செய்ய வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்தச் சீட்டால்தான் என்பது தெரிந்தேதான், கட்டிய மனைவி நானே இதைக் கேட்கிறேன். இனி இந்தச் சிகிச்சையில் இருப்பவர் யாராக இருந்தாலும், பெயரும் கிழமையும் கேட்டுச் சான்று கொடுக்காமல், ஒரு வேலையைச் செய்யவிட்டு நடுவில் பேச்சுக் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு அரசாங்கத்துக்கு ஒரு செலவும் இல்லை.

11. இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. இதை எழுதத்தான் மனு எழுதுபவரிடமிருந்து காகிதத்தைத் திரும்ப வாங்கினேன். அன்று மணி பதினொன்று ஆகிவிட்டது. டாக்டர் சொன்ன மணி தவறக் கூடாதே என்று புட்டியும் டம்ளருமாகக் கிணற்று மேட்டுக்குப் போனேன். ஐந்தோ ஆறோ வெடித்திருந்தது. பதினேழு வருடம் அந்த வழக்கத்தை அறிந்தவள் நான். என்றாலும், "ஏனுங்க, மருந்து நேரமாச்சுங்க, இப்பவே குடிச்சர்றீங்களா?" என்று கேட்டேன். "செத்த இரு, குடிச்சுக்கறேன்" என்றார். பின்னாலிருந்து பேசிய ஆள் நான்தான்.

12. அவர் அதை மறக்கவில்லை. யார் என்று காவல் துறையினர் நான்கு முறை அதட்டிக் கேட்டபோதும், நான் காவல் நிலைய வாசற்படியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் நினைவில்லை என்று சொன்னார். அந்த அறிக்கையில் "நினைவில்லை" என்பதை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதச் சொல்லுங்கள். அதற்கு என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கள். மருந்தை அவருக்குக் கொடுங்கள்.

பதில் கிடைக்கும் வரை தங்கள் அலுவலக வேப்பமரத்தடியில் காத்திருக்கும்,

நா. சௌந்திரம்
(கையொப்பம்)

இடம்: சேலம்
நாள்: 25.4.1983

இணைப்பு: மருத்துவச் சான்று நகல், மருந்துச் சீட்டு, வெடி அனுமதி (அசல்).