தபால்காரம்மாவின் கால் கம்ப்யூட்டருக்குள் தொலைந்த கதை

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் சுகம், உன் அப்பா அம்மாவும் சுகம், அப்பாவின் மூக்குக்கண்ணாடி மட்டும் மூன்றாவது முறையாக உடைந்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறது. மலை உச்சியில் காற்றையும் மழையையும் அளந்துகொண்டிருக்கும் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். உன் அப்பா எழுதினால் நாலு வரியில் முடித்துவிடுவார் என்பதால் வீட்டுக் கடிதம் எழுதும் உத்தியோகம் இந்த முறையும் எனக்கே வந்தது. பெற்றவர் அவர், கெடுத்தவன் நான், இருவருக்கும் உரிமை உண்டு. முதலிலேயே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதை நீ நம்பமாட்டாய், உன்கூட வேலை பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள், இந்தத் தபாலை மலைமேல் சுமந்து வரும் கழுதைகூட நம்பாது. ஆனாலும், ரயில் நிலைய ஒலிபெருக்கியில் முப்பத்தொரு வருடம் வராத ரயில்களை எல்லாம் இதோ வந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்த வாய் இது, சும்மா இருக்குமா?

போன வியாழக்கிழமை காலை உன் சித்தி பட்டறை அறையில் கம்ப்யூட்டரைப் போட்டாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. சாதாரணக் கறுப்பு இல்லை, அந்தக் கறுப்பு ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வழிந்து, பகலிலேயே தெருவிளக்கு போடச் சொல்லி எதிர்வீட்டுக்காரர் மனு எழுதினார். நடுவில் ஒரே ஒரு வெள்ளை வரி, ஹார்ட் டிஸ்க் எதுவும் தென்படவில்லை என்று. அந்த டிஸ்கில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், நீதானே எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தாய். ஒரு கால் குட்டை, பாதம் வளைவு, விரல் இல்லை என்று சித்தியிடம் ஷூ செய்துகொள்ள வரும் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் அளவுகள். ஒரு தடிப் புத்தகம் அளவுகூட இல்லாத பெட்டிக்குள் அத்தனை பேரும் இருட்டில் வரிசையாக நிற்கிறார்கள், கம்ப்யூட்டரோ இங்கே யாருமே இல்லையே என்கிறது.

அன்றைக்கென்று பார்த்து நம் தெருத் தபால்காரம்மா இரண்டு ஊன்றுகோலோடு வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கால் ஒன்றேமுக்கால் அங்குலம் குட்டை, இடுப்பில் அறுவை செய்து ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறாள் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். முதல் நாளே முழுச் சுற்றையும் நடந்து முடிக்காவிட்டால் நிரந்தரமாகக் கவுண்டருக்கு மாற்றிவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். உக்காந்து முத்திரை குத்தறதுக்கு நான் எதுக்கு, ஒரு கல்லை வெச்சாலே போதுமே என்பாள் அவள். அவளுடைய ஷூவுக்கான புது அடிப்பாகத்தைச் சித்தி மூன்று மாதமாக, பதினோரு முறை நடக்கவிட்டு, நூல் நூலாகச் சரித்துச் சரித்துக் கண்டுபிடித்திருந்தாள். அந்தக் கணக்கு முழுவதும் டிஸ்கில். பழைய ஷூவையும் மாதிரிக்காகப் பிரித்துப் போட்டாயிற்று. மூன்று நாளில் அதை மறுபடி கண்டுபிடிக்கப் பிரம்மதேவன் தன் பட்டறையோடு வந்தாலும் முடியாது. தபால்காரம்மா திரையைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், அக்கா, என் காலு உள்ள இருக்கா, போயிடுச்சா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் கேட்டுவிட்டு, பிரித்துப் போட்டிருந்த பழைய ஷூவின் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். சித்தி, இரும்மா, தேடறேன் என்றாள்.

நான் உடனே என் நிலையக் குரலில், டிஸ்க் செத்துவிட்டது என்று அறிவித்தேன். சித்தி திரும்பாமலே, உங்க ரயில் வழக்கம்போலத் தாமதமாவே வரட்டும், இப்ப டார்ச்சைப் பிடிங்க என்றாள். காலுக்கு வைத்தியம் பார்க்கும்போது அவளிடம் ஒரு பழக்கம் உண்டு, வலிக்கிற இடத்தை முதலில் தொடமாட்டாள், ஆளை நடக்கவிட்டு நொண்டல் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பாள். அதையே இங்கும் செய்தாள். மூடியைக் கழற்றிவிட்டு எதையும் பிடுங்காமல் டிஸ்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்துவிட்டு என் கையையும் பிடித்து அங்கே வைத்தாள். மகளே, உள்ளே நடுங்கியது. தட்டு சுழல்கிறது, அதன்மேல் படாமல் ஊசி மிதக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுடிகூட நுழையாது என்று நீ ஒருமுறை சொன்னபோது, புளுகுவதில் என்னை மிஞ்சிவிட்டாயே என்று பெருமைப்பட்டேன். அன்றைக்கு விரல்நுனியில் அது மெல்ல ரீங்கரித்ததும் அந்தப் பெருமையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். உயிர் இருக்குங்க, சீக்கு வேற எங்கயோ என்றாள் சித்தி.

மெஷினை அணைத்துவிட்டு டிஸ்கின் கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள், தெரியவில்லை. டிவிடி ஓட்டும் பெட்டியின் கேபிளை எடுத்துப் போட்டாள், தெரியவில்லை. இதற்கு நடுவே என் நிலைமையைக் கேள். மூடி திறந்த மாத்திரத்திலேயே ஒரு மூலையில் வட்டமாக ஒரு காலி இடத்தை நான் பார்த்துவிட்டேன், அந்த மூலையில் மட்டும் வெளிச்சம் விழாதபடி டார்ச்சைப் பிடிப்பதற்குள் என் உடம்பிலிருந்து இறங்கிய வியர்வையில் ஒரு படகு விடலாம். மறுபடி போட்டபோது, மெஷின் தன் அமைப்புகளைக் காட்டும் நீலத் திரைக்குள் சித்தி நுழைந்தாள். மேலே இருந்த தேதியைப் பார்த்து நின்றாள். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துத் தேதி! இன்னைக்கு என்ன நாள்ங்கிறதே மறந்துபோனவங்களுக்கு எதை எங்க வெச்சோம்ங்கிறது மட்டும் ஞாபகம் இருக்குமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வரி வரியாக இறங்கினாள். டிஸ்கின் கேபிள் மாட்டியிருந்த வாசலுக்கு எதிரே, மூடியிருக்கிறது என்று இருந்தது. அவ்வளவுதான் மகளே! உள்ளே ஆள் இருக்கிறார், வாசலைப் பூட்டிவிட்டு வீட்டில் யாருமில்லை என்று சொல்லியிருக்கிறது. திறந்துவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் திரையில் வந்து நின்றார்கள். தபால்காரம்மா தன் பெயரைத் தேடிப் பிடித்து, அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை.

நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். சித்தி விடவில்லை, மறந்தது ஏன் என்று தெரியாமல் போனால் மறுபடி மறக்கும் என்று டார்ச்சைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். காலி வட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நேராகச் சமையலறைக்குப் போய், எடை போடும் தராசைக் கவிழ்த்து, அதன் அடியிலிருந்து காசு மாதிரி இருந்த பேட்டரியை எடுத்து வந்து வட்டத்தில் வைத்து அழுத்தினாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். சென்ற வாரம் உனக்குக் கம்பளிச் சால்வைப் பார்சல் கட்டியபோது தராசு உயிரை விட்டது. நீ சொன்னபடி மாதாமாதம் தூசி தட்ட மூடியைத் திறந்தவன், சுவரிலிருந்து மின்சாரம் குடிக்கும் மெஷினுக்குப் பேட்டரி எதற்கு, அலங்காரத்துக்குத்தானே என்று கழற்றிக்கொண்டேன். புதன்கிழமை ராத்திரி சிக்கனமாக இருப்போமே என்று சுவர் சுவிட்சையும் அணைத்தேன், மின்சாரமும் இல்லாமல் பேட்டரியும் இல்லாமல் தேதியும், டிஸ்கின் வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் அதற்கு மறந்துபோய்விட்டன. எவ்வளவு எடை இருந்துச்சு பார்சல் என்று மட்டும் சித்தி கேட்டாள். ஒண்ணேகால் கிலோ என்றேன். அத நான் கையில தூக்கியே சொல்லியிருப்பேனே என்றாள், என் உயரம் அரை அடி குறைந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்கச் சொல்லி நீ அனுப்பிய சின்ன டிஸ்க் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது, எடுத்தாயிற்று எடுத்தாயிற்று என்று நான் உனக்கு எழுதியதெல்லாம் வராத ரயில்கள். வியாழக்கிழமை சாயங்காலமே சித்தி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து முழு நகலும் எடுத்தாள், தராசுக்கும் வேறு பேட்டரி வாங்கியாயிற்று. அந்தச் சால்வையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போர்த்திக்கொள், உன் அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, எட்டு வரியாகப் படித்துக்கொள்வார். நூறு வயது இரு, நீ அளக்கும் காற்றெல்லாம் உனக்கு நல்ல காற்றாகவே வீசட்டும்.

எதிர்வீட்டு மனுவும் வியர்வையில் விட்ட படகும் என் சொந்தச் சரக்கு, தாராளமாகத் தள்ளிவிடு. மற்றதையும் தள்ளிவிடு, பரவாயில்லை. ஆனால் இன்று திங்கட்கிழமை, மணி இரண்டரை. தபால்காரம்மாவின் சுற்றில் கடைசி வீடு நம்முடையது. சித்தி ஷூ தைக்கும் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், ஏனென்றால் வாசல் படியில் காலடி கேட்கிறது, இடதும் வலதும் ஒரே சத்தமாக. இந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை, கடிதத்தைத் தபால்காரம்மா கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைக் கெடுத்த சித்தப்பா