மூன்று லட்சம் ஓடிய கார்

ரீச்சர்,

நேற்றுக் காலை கப்பல்துறையில் ஒரு வீட்டு முற்றத்தில், விற்பனைக்கு நின்ற பழைய காரின் கால்விரிப்பை, நீங்கள் பழக்கியபடி, தூக்கி முகர்ந்து பார்த்தேன். காய்ந்த தூசியும் கொஞ்சம் பெற்றோலும் மணத்தன. உப்பேறித் துருப்பிடித்த இரும்பின் மணம் இல்லை. நிமிர முயன்றபோது உங்கள் நினைவு வந்து, அப்படியே குந்தியிருந்துவிட்டேன். கார்க்காரர் எனக்குத் தலைசுற்று என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. பதினொரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நீங்கள் கணிதம், நான் தமிழ். ஒரே வயது, திருகோணமலையில் ஒரே ஒழுங்கையில் வீடு. இருந்தும் கடைசிவரை ஒருவரையொருவர் ‘ரீச்சர்’ என்றே கூப்பிட்டோம். இப்போது வேறு எப்படி அழைப்பதென்றும் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் இருந்த கட்டைபறிச்சானுக்கு முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தோம். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூரில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ. திரும்பி வரும் பஸ்ஸைப் பிடிக்க, பள்ளிக்கூட மணி அடித்த கையோடு ஓடவேண்டும். உங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பதினோராம் தரப் பிள்ளைகள் வருடா வருடம் கணக்கில் தவறிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் கிடைத்தால் போதும், இவர்களைக் கரையேற்றிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். ஒருநாள் பஸ்ஸில் நின்றபடி கேட்டீர்கள்.

“உங்களிட்டை லைசென்ஸ் இருக்கெல்லோ ரீச்சர்?”

“இருக்கு. எடுத்த பிறகு ஒருநாளும் ஓடேல்லை.”

“எனக்கு ஓடத் தெரியாது. ஆனா கார் பார்த்து எடுக்கத் தெரியும். ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒண்டு வாங்குவம்.”

உங்களுக்கு அதுவும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதமாக ஒழுங்கை முனையில் உள்ள கராஜில் போய் நின்று, மெக்கானிக்கைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுப் படித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பாடக்குறிப்பு எழுதுகிற அதே கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் இருந்தது.

எங்கள் கைக்கு எட்டியவை பழைய கார்கள்தாம். முதலில் உவர்மலையில் ஒன்று பார்த்தோம். வெள்ளை நிறம், கண்ணாடிபோல மினுக்கியிருந்தார்கள். மீற்றர் எழுபதாயிரம் கிலோமீற்றர் காட்டியது. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலில் நின்று, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டீர்கள். பிரேக் மிதியைப் பெருவிரலால் தடவினீர்கள்.

“அண்ணை, மீற்றர் எழுபதாயிரம் எண்டு சொல்லுது. மிதியிலை ரப்பரே இல்லையே. இவ்வளவு தேய எத்தினை வருசம் மிதிச்சிருக்க வேணும்?”

விற்க வந்தவர் சிரித்துச் சமாளித்தார். “வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ? அவையைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்.”

“அவை வந்தாலும் ரப்பர் வளராது,” என்று சொல்லிச் சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பினீர்கள். அந்த மேட்டால் இறங்கி வரும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. இப்படி ஒருத்தி என் கூட்டாளி என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

இரண்டாவது கார் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருடையது. நிறம் மங்கியிருந்தது. மீற்றர் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. நாங்கள் கேட்க முன்னரே அவர் குறைகளைச் சொன்னார். பின்கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது, ஏசி வேலை செய்யாது. திருத்தியதற்கான பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் அடுக்கி வைத்திருந்தார். எனக்குப் பயம் போகவில்லை.

“மூண்டு லட்சம் ஓடின கார் ரீச்சர். பாலத்திலை வைச்சு நிண்டுதெண்டால்?”

“நிண்டால் இறங்கித் தள்ளுவம். கூட ஓடின காருக்குப் பயப்பிடத் தேவையில்லை. ஓடினதை மறைக்கிற ஆளுக்குத்தான் பயப்பிட வேணும்.”

அதையே வாங்கினோம். அது நின்றதும் உண்டு. ஒருமுறை வழியிலுள்ள கங்கைப் பாலத்துக்குக் கிட்ட றேடியேற்றர் கொதித்து, முன்பக்கமெல்லாம் ஆவி. நான் கதவைத் திறந்து பாய்ந்து இறங்கினேன். நீங்கள் தெருவோர மர நிழலில் உட்கார்ந்து, எஞ்சின் ஆறும்வரை பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினீர்கள். ஆறியபோது ஒரு வகுப்புக் கொப்பிகள் முடிந்திருந்தன.

மற்ற ஆசிரியர்களின் புதிய கார்களுக்குப் பக்கத்தில் எங்களுடையதை நிறுத்த நான் ஒருநாளும் கூசவில்லை. நாலு மணிக்கு அவை எல்லாம் போன பிறகும் அது ஒன்றுதான் அந்த வளவில் நிற்கும். உள்ளே நீங்கள் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருப்பீர்கள். நான் கடைசி வாங்கில் இருந்து கட்டுரை திருத்துவேன். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது, அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கணிதத்தில் தவறவில்லை. அதிபர் எல்லோர் முன்னாலும் உங்களைப் பாராட்டினார். நீங்கள் என் பக்கம் திரும்பி, “கார் நல்ல கார்,” என்று மட்டும் சொன்னீர்கள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுக் குறைந்துபோன நாட்களிலும் கேட்டீர்கள், “தண்ணி, ஒயில் எல்லாம் பார்க்கிறனீங்களோ?” என்று. “ஓம், பார்க்கிறனான்,” என்றேன். பொய் இல்லை. ஒவ்வொரு காலையும் பார்த்தேன்.

போன மாரியோடு காரின் அடிப்பக்கம் துருவேறிக் கறள் தின்று, இனி ஓடினால் ஆபத்து என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். என் தம்பி, “லீசிங்கிலை புதுசு ஒண்டு எடுங்கோ அக்கா. இன்னொரு பழசை வாங்கிப்போட்டுக் கஷ்டப்படாதேங்கோ,” என்றான். நான் தனியாகத்தான் கப்பல்துறைக்குப் போனேன். எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லி, விடியவே போய், ஆறிய நிலையில் ஸ்டார்ட் பண்ணிப் புகை பார்த்தேன். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ஓடியிருக்கிறது. மிதியும் அதையேதான் சொன்னது. கிளச் மாற்ற வேண்டும் என்று கார்க்காரரே ஒத்துக்கொண்டார்.

“உதெல்லாம் எங்கை பழகினனீங்கள்?” என்று கேட்டார்.

“எங்கடை கணக்கு ரீச்சரிட்டை,” என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்து கேட்டது.

திங்கட்கிழமை கார் வீட்டுக்கு வரும். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் ரீச்சரும் திருகோணமலைதான். கைக்குழந்தைக்காரி. பொழுதுபட முன்னர் வீட்டுக்குப் போக வழியிருந்தால் பின்னேர வகுப்பைத் தொடர்ந்து நடத்துவேன் என்று சொன்னார்.

எனக்குக் கணக்குப் படிப்பிக்க ஏலாது ரீச்சர். படிப்பிக்கிற ஆளை வீட்டில் கொண்டுவந்து இறக்க ஏலும்.