பங்குனி அமாவாசையில் ஓடிய பன்னிரண்டு தறிகள்

ஆரணி,
ஜூலை 11

பாசமுள்ள ஸ்வர்ணா அக்காவுக்கு,

துர்கா எழுதுகிறேன். பூனாவில் நலமா என்று கேட்பதுதான் முறை. நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படிக் கேட்பது? பத்து நாளாக நான் அனுப்பிய வாட்ஸ்அப் ஒன்றைக்கூட நீங்கள் திறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பேப்பர். பேனா பிடித்து இவ்வளவு நீளம் எழுதிப் பல நாளாகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அப்பா தறியில் புதுப் பாவு ஏறியிருக்கிறது, நல்ல மாம்பழ நிறம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நான் அதே கடையில்தான் புடவை மடித்துப் பார்சல் போடுகிறேன். போன வாரம் முதலாளியிடம் லீட் டைம் பற்றி உங்கள் பதினேழாவது யூடியூப் வீடியோவில் வருவதை அப்படியே சொன்னேன். புடவை மடிக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா என்று கேட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, ஆர்டர் கொடுத்ததிலிருந்து புடவை கைக்கு வருகிற வரை ஆகிற நாள்தானே அது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உங்களுடைய நாற்பத்து மூன்று வீடியோவையும் நோட்டு போட்டுப் படித்தவள் நான். முதல் கமெண்ட் எப்போதும் என்னுடையதுதான். நம் தெருப் பெண் ஒருத்தி சப்ளை செயினில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். ஆரணிப் புடவை எங்கே தாமதமாகிறது என்பதுதான் உங்கள் புராஜெக்ட் என்றும், பன்னிரண்டு தறியில் தினம் எத்தனை முழம் நெய்கிறார்கள் என்று ஆறு மாதம் எழுதித் தர முடியுமா என்றும் என்னைக் கேட்டீர்களே, அன்றைக்கு என் அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினேன்.

அக்கா, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை உங்கள் அம்மா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். நீங்கள் சொல்லக்கூடாது என்றீர்களாம். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். பாவம், மூன்று நாள் அடக்கி வைத்திருந்தார்கள். வைவா வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் காஞ்சிபுரத்துக்காரராம். நம் பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வியை, நீங்கள் சொன்னபடியே உங்கள் அம்மா சொன்னார்கள்.

"மத்த அஞ்சு அமாவாசைக்கும் தறி நின்னிருக்கு. மார்ச் இருபத்தொம்போது அமாவாசைக்கு மட்டும் பன்னெண்டு தறியும் ஓடியிருக்கே, எப்படிம்மா?"

எண்களைக் கற்பனையாக எழுதியதாக உங்கள் கைடு சந்தேகப்படுகிறாராம். இருபதாம் தேதிக்குள் சரியான ஆதாரம் வராவிட்டால் பட்டம் இல்லையாம். யார் எடுத்த தகவல் என்று கேட்டதற்கு, நானே எடுத்தேன் என்று சொல்லிவிட்டீர்களாம்.

நீங்கள் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த எட்டு நாளை நான் எடுக்கவே இல்லை.

மார்ச் இருபத்து நான்கிலிருந்து எனக்குக் காய்ச்சல். முப்பத்தொன்று வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. உங்களிடம் சொன்னால், இவளை நம்பிக் கொடுத்தோமே என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன். முந்தின வாரத்தையும் அடுத்த வாரத்தையும் பார்த்துச் சராசரி போட்டு, எக்செல்லில் மவுஸை ஒரே இழுப்பாகக் கீழே இழுத்து நிரப்பினேன். நடுவில் தறிக்கு விடுமுறையான அமாவாசை வந்ததைக் கவனிக்கவில்லை. தெருவில் நடந்திருந்தால் தறிச் சத்தம் இல்லாததே சொல்லியிருக்கும். நான் போர்வைக்குள் கிடந்தேன். நீங்களும் பூனாவில் இருக்கிறீர்கள். அங்கே அமாவாசை எந்தத் தேதியில் வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

செவ்வாயிலிருந்து பன்னிரண்டு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ராஜவேலு மாமா தறியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சாயப்பட்டறையில மோட்டார் எரிஞ்சு போய், ஊடைப் பட்டு வராம ஆறு நாளு சும்மா குந்திகினு இருந்தோம். நீ இன்னாடான்னா நெய்ஞ்சிகினு இருந்தோம்னு எழுதிக்கீறியே."

அக்கா, புடவை எங்கே தாமதமாகிறது என்றுதானே ஆறு மாதமாகத் தேடினோம். குறுக்கிழைக்கான ஊடைப் பட்டுக்கு அந்தப் பட்டறையின் சாயத்தை நம்பி ஏழு தறி ஓடுகிறது. ஏழும் ஒரே வாரத்தில் நின்றிருக்கிறது. அதை நான் சராசரி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

கடையில் ஊடைப் பட்டு கொடுத்த தேதியையும் புடவை வாங்கிய தேதியையும் நெசவுக்காரர் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்களே, அந்த ஏழு வீட்டு நோட்டும் இந்தப் பார்சலில் இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். மற்ற ஐந்து வீட்டில் பழைய நோட்டு இல்லை. அந்த ஐந்துக்கும் எட்டு நாளும் காலியாகவே விட்டிருக்கிறேன். நீங்களும் காலியாகவே கொடுங்கள். காய்ச்சலுக்குக் காட்டிய டாக்டர் சீட்டும், நடந்ததை எல்லாம் நானே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கமும் மேலே வைத்திருக்கிறேன். அதைத்தான் முதலில் உங்கள் கைடிடம் காட்ட வேண்டும்.

அடுத்த வருஷம் நான் அதே கோர்ஸுக்கு அப்ளை செய்யும்போது சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அது வேண்டாம். என் பேர் அந்தக் காலேஜ் ஆபீஸில் இப்படித்தான் முதலில் போகப்போகிறது. போகட்டும். பாவம் அவள் என்று என்னை மறைக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் திட்டியிருந்தால்கூட இந்த நான்கு நாள் சோறு இறங்கியிருக்கும்.

உங்கள் அம்மா கையில் எந்நேரமும் ஃபோன் இருக்கிறது. அவர்களிடம் பேசுங்கள். என்னிடம் பேச மனசு வரும்போது பேசுங்கள். இருபதாம் தேதிக்குள் அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் எனக்கு எழுதிவிடுங்கள் அக்கா. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
எட்டு நாளைத் தன் இஷ்டத்துக்கு எழுதிய
துர்கா