சட்டைப் பையில் ரிமோட்

கோலாலம்பூர்,
7 ஜூலை 2025

அன்பு மச்சான் லியாகத்,

நீயும் உன் சாப்பாட்டுக் கடையும் சுகம்தானே? போனில் நீ என்னை பிளாக் செய்து வருடமாகிறதாமே. நம்மோடு படித்த பவித்ரன் இப்போதுதான் சொன்னான். அதனால் தபால்.

நம் படம் ‘நல்ல செய்தி மட்டும்’ ஈப்போவுக்கு வருகிறது. மழை வரும் என்று சொல்லக்கூட அனுமதி கேட்க வேண்டிய நாடு, அதை ஆளும் ஒரு கோமாளி ராஜா. இதோடு டிக்கெட் வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரி ஆஃப்ஷீனோடு போய்ப் பார்.

உன் டொமினிக்

ஈப்போ,
14 ஜூலை

டைரக்டர் டொமினிக் அவர்களுக்கு,

நம் படமா? பீடோர் எஸ்டேட் பள்ளி மேடையில் வசனம் உனக்கு, ராஜா வேஷம் எனக்கு. இப்போது ராஜா வேஷம் நடிகன் சுகுமாரனுக்கு. அவன் தோளில் கை போட்டு ‘என் உயிர் நண்பன்’ என்று பேஸ்புக்கில் போட்டோ போட்டாயே, அன்றுதான் பிளாக் செய்தேன். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

என் கடையில் உன் படத்தின் பெயரைச் சொல்லத் தடை. விளம்பரம் வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். போஸ்டரையும் கிழித்தாயிற்று. “படம் எப்படிண்ணே?” என்றவனிடம், “எந்தப் படம்? அப்படி ஒண்ணும் வரலை லா” என்றேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஏனென்று தெரியவில்லை.

லியாகத் அலி

ஈப்போ,
22 ஜூலை

டேய் டொமினிக்,

பார்த்துவிட்டேன். ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாட்டையே மிரட்டும் அந்த ராஜா நான்தான்! “நான் வைக்கிற சேனலைப் பாரு, நான் ஊத்துற தேத்தண்ணியக் குடி” என்பது என் கடையில் நான் பேசுவது. ஆஃப்ஷீன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

கேலி செய்தாய், போகட்டும். மிரட்டும்போது நான் கண் சிமிட்டுவேனா? அவன் சிமிட்டுகிறான். நானாக நடிக்க என்னைவிட அவனா மேல்? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

லியாகத்

கோலாலம்பூர்,
29 ஜூலை

மச்சான்,

கேட்டேன். அந்த வேஷமே உனக்காக எழுதியது. சுகுமாரன் முதலில் வெறும் மந்திரிதான். அந்தப் போட்டோ போட்ட மறுநாள் உனக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. பிளாக் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப அனுப்பினேன். லியாகத் பெரிய மனுஷனாகிவிட்டான், பதில்கூடச் சொல்ல மாட்டான் என்று எனக்கும் ரோஷம். நேரில் வரவில்லை. ஷூட்டிங் நெருங்கியது, மந்திரியை ராஜாவாக்கினேன்.

டொமினிக்

ஈப்போ,
5 ஆகஸ்ட்

மச்சான்,

பிளாக்கை எடுத்துவிட்டேன். எடுத்ததும் நீ அன்று அனுப்பியதெல்லாம் வந்து விழும் என்று காத்திருந்தேன். தடுத்த காலத்தில் வந்தது திரும்ப வராதாம், ஆஃப்ஷீன் சொல்கிறாள். வேஷம் போனது போகட்டும். என்னை எப்படிக் கேட்டாய் என்று நான் படிக்க வேண்டும். மறுபடி அனுப்பு.

உன் லியாகத்

பி.கு.: ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டேன். எடுக்கத்தான் ஒருத்தனுக்கும் தைரியமில்லை.