பேரனுக்குக் காது குத்த வேண்டாம்

திருச்சிராப்பள்ளி,
22-6-1958

சிரஞ்சீவி பிச்சைமுத்துவுக்கு அப்பா செல்லக்கண்ணு ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். கொழும்புக் கலவரத்தில் நீ, பொன்னுத்தாய், பேரன் மூவர் உடம்பிலும் கீறல் இல்லை என்று உன் கடிதம் வந்த பிறகுதான் அம்மா அடுப்பு மூட்டினாள்.

அதே கடிதத்தில் பேரனுக்குக் காது குத்த மாட்டேன் என்று எழுதியிருந்தாய், படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, மறைக்கவில்லை. நீ சிங்களவன் மாதிரி கைலிச் சாரம் கட்டு, அகல பெல்ட் போடு, தெருவில் பெண்டாட்டியோடு சிங்களம் பேசு, அவள் பொட்டை அழித்துவிட்டுக் கடைக்குப் போகட்டும், அதெல்லாம் பிழைப்பு. ரயில்வே கேன்டீனுக்கு வாழைக்காய் போடும் காண்டிராக்ட்டுக்காக ஒரே நாளில் குடுமியை எடுத்தவன்தான் நானும். ஆனால் சமயபுரத்தில் மாமன் மடியில் வைத்துக் குத்தும் காதில் கை வைக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் மச்சான் அம்மாசியும் முசிறியிலிருந்து கடுக்கனோடு வந்து, தங்கச்சி மகனுக்கு நான் குத்தாமல் எவன் குத்துவான் என்று நம் வாழைக்காய் மண்டியில் நின்று சத்தம் போட்டான்.

அந்த நேரம் வாசலில் ஒருத்தனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். சாரம், அகல பெல்ட், காதை மூடித் துண்டு. சிலோன் சேதி கேட்டு மார்க்கெட்டே கொதித்துக் கிடந்ததால் சிங்களவன் என்று யாரோ சொன்னது போதுமாக இருந்தது. அடி விழ விழ அவன் கும்பிட்டுச் சிங்களத்திலேயே கதறினான். அம்மாசி வாழைத்தார் தூக்கும் கம்பால் வாயில் ஒரு போடு போட்டான், இரண்டு பல் தெறித்தது. முட்டியிலே போடுங்கடா என்று சொன்னவன் நான். துண்டு அவிழ்ந்தது. குத்தின துளையோடு காது இரண்டும் கீழே கிழிந்து சீழ் கட்டியிருந்தது, அதைப் பார்த்ததும்தான் அடி நின்றது. பார்த்தால் உன்னோடு கப்பலேறிய காட்டூர் காத்தான், காலை ரயிலில் இறங்கி என்னைத் தேடி வந்தவன்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு சொன்னான். கலவரத்தில் பஸ்ஸை மறித்து ஏறி, பேசிக் காட்டச் சொன்னார்களாம், அவர்களைவிட நன்றாகவே பேசினானாம். சிங்களப் பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், படித்தானாம். விடப்போகும் நேரம் ஒருவன் காதைத் தடவிக் குத்தின துளையைக் கண்டுவிட்டான், துளை இருந்தால் தமிழனாம். முன் சீட்டுக்காரரைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டு இவனைக் காதைப் பிடித்தே இழுத்தார்களாம். காது கிழிந்ததால் பிடி விட்டது, ஓடினான். ஒரு சிங்களக் கிழவி கோழிக்கூண்டுக்குப் பின்னால் மூன்று நாள் ஒளித்து வைத்துச் சோறு போட்டாளாம். அன்றிலிருந்து பயந்தால் சிங்களம்தான் வாயில் வருகிறதாம். "அங்க காதைப் பார்த்துட்டு அடிச்சாங்க, இங்க காதைப் பார்த்துட்டுத்தான் நிறுத்துனீங்க மாமா" என்றான். அம்மாசி கடுக்கனை உன் அம்மா கையில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

பேரனுக்குக் காது குத்த வேண்டாம். முடி மட்டும் இறக்குவோம், மாரியாத்தாளிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஊருக்கு வந்தால் வேட்டி கட்டி வா, எவனாவது கை ஓங்கினால் தமிழில் கத்து. அங்கே தபாலைப் பிரிக்கிறார்களாம், அதனால் கொழும்புக்குக் கப்பலேறும் ஹனீஃபா ராவுத்தர் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். ஒன்று மறக்காமல் எழுது. உனக்குக் காது குத்தும்போது தலையை அசையாமல் பிடித்துக்கொண்டது நான்தான். அந்தத் துளை தூர்ந்துவிட்டதா?

இப்படிக்கு,
உன் அப்பா
மு. செல்லக்கண்ணு