பீரோக் காலுக்கு வைத்த குண்டு

லிசா அம்மாவுக்கு,

நீயும் இங்க இருந்தப்போ மித்தி ஆத்து வெள்ளம் வீட்டுக்குள்ள ஏறி, நம்ம லிசா கோயில்ல புதுநன்மை வாங்கத் தச்ச உடுப்பு நனைஞ்ச வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். இங்க நான் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கு? இதை எழுதுறது பக்கத்து வீட்டு ஜெனி. எழுதி முடிச்சதும் ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்கேன்.

அந்த வெள்ளத்துல பீரோவை நகர்த்த முடியலன்னுதான், குழாய்த் துண்டுக்குள்ள சைக்கிள் பால்ரஸ், அந்தச் சின்ன இரும்புக் குண்டுகளைப் போட்டு, அதுக்குக் கீழ பெரிய குண்டு உருளுற மாதிரி நாலு கால் செஞ்சேன். தூசி ஏறாம இருக்க உன் செருப்பு வாரை வெட்டி வளையம் வச்சதுக்கு ரெண்டு நாள் பேசாம இருந்தியே.

இப்போ பட்டறை முதலாளி மகன் ஏஞ்சலோ அந்தக் குண்டுக் காலைத் தன்னோட டிசைன்னு சர்க்கார்ல பதியப் போறானாம். நேத்து டீ வாங்கிக் குடுத்து, "தாத்தா, சும்மா ஒரு கைநாட்டு வைங்க"ன்னான்.

"என்ன காகிதம்டே?"

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு எழுதியிருக்கு."

நான் நல்லா இருக்கதுக்குக் கைநாட்டு எதுக்கு? பெருவிரல்ல காயம்னு துணியைச் சுத்திக்கிட்டு வந்துட்டேன்.

பீரோ ஊர்லயா இருக்குன்னும் கேட்டான். யாரும் விலைக்குக் கேட்டு வந்தா குடுத்துடாத. ஒரு காலைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள வை. வலி குறைஞ்சா நீயே ரயிலேறிக் கொண்டு வா. ஜெனிக்கு வேலைக்கு நேரமாச்சு.

நான் செஞ்சதைப் பாத்தவங்கள்ல, பட்டறையில கூட வேலை பாத்த வேதமுத்து செத்துட்டான், பழைய முதலாளியும் போயிட்டார். உண்மையைச் சொல்ல மிச்சம் இருக்கது, சகாயராணி, நீ ஒருத்திதான்.