அச்சு அசல் கையெழுத்து

என் கண்ணு,

நீ போனில் பேசி எட்டு மாசம் ஆகிறது. அதைக் கேட்க இதை எழுதவில்லை. உன் போட்டோ விஷயமாகத்தான்.

பத்து வயதில் நீயே கடிதம் போட்டு, அந்த விண்வெளி வீரரிடமிருந்து கையெழுத்துப் போட்ட போட்டோ வரவழைத்தாயே. நான் காசு கொடுத்து வாங்கியிருந்த அவருடைய இரண்டு கையெழுத்துகளோடு அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடைய இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. உன்னுடையது பொருந்தவில்லை.

"யாரோ கிறுக்கி அனுப்பியிருக்காங்கம்மா, தூக்கிப் போடு" என்றேன், உன் மாமா, அத்தை எல்லார் முன்னாலும். பெரிய நிபுணன் இல்லையா நான்! நீ அதை அங்கேயே நாலாகக் கிழித்தாய்.

போன வாரம் என் சேகரிப்பை விற்கலாமென்று, கையெழுத்துகளைச் சோதிப்பவரிடம் கொண்டுபோனேன். என் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததுமே சிரித்துவிட்டார். "எந்த மனுஷனும் ரெண்டு தடவை ஒரே மாதிரி போடமாட்டான் சார். இது மெஷின் போட்டது."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அவள் துணி அலமாரியைத் திறந்து உன் போட்டோவை எடுத்து நீட்டினாள். அன்றைக்கே குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கி ஒட்டி வைத்திருக்கிறாள். பதினாறு வருஷமாக என்னிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் அதை அவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். மையையும் பேனா அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "இது அவர் கையாலேயே போட்டது. எந்தப் பாவி சார் இதைக் கிழிச்சது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன்.

அப்பா